கை வேணுமா, சைக்கிள் ஓட்டணுமா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுட்டு அக்கடான்னு சாஞ்சிருக்கும்போது அக்கா போன் பண்ணினாள்.

"ஏல தம்பி, நீ இன்ஜினியருதான? திரீ-டி பிரிண்டர்ல கை செய்யுதாங்களாம்லா. பாப்பாவுக்கு ஒண்ணு செஞ்சு குடேம்ல. ஒண்ணாப்பு போகப் போறா. பிள்ளைய எல்லாரும் பார்ப்பாங்கல்ல?"

படிச்சது மெக்கானிக்கல், பொழைப்பு பொட்டி தட்டுறது. ஆனா நம்ம ஊர்ல இன்ஜினியர்னா மிக்ஸி ரிப்பேர்ல இருந்து ராக்கெட் வரைக்கும் எல்லாம் தெரியணும். பாப்பாவுக்கு அஞ்சு வயசு. பிறக்கும்போதே இடது முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை தூரத்தோட கை நின்னுடுச்சு. ஏன்னு எந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியல. இப்படிப் பிறக்கிற பிள்ளைகள்ல பலருக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியறதில்லை.

"சரிக்கா, பாக்கேன்"னு சொல்லிட்டு நெட்டுல தேட ஆரம்பிச்சேன். தேடினது கைக்கான டிசைன். மாட்டிக்கிட்டது அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு கதை. மூணு வாரமா ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம மக்கள்ல நெறைய பேரு என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்கதானே, உங்களுக்கும் உதவும்னு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி.

எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு வயசுல போலியோ வந்து வலது கால் சூம்பிப் போச்சு. எண்பதுகள்ல ஏதோ ஒரு முகாம்ல அவருக்கு இலவசமா காலிபர் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடைக்கும் முழங்காலுக்கும் தோல் பட்டை, கீழே கனமான பூட்ஸ். எனக்கு விவரம் தெரிஞ்ச காலத்துல அந்தக் காலிபர் எங்க இருந்துச்சு தெரியுமா? கோழிப் பஞ்சாரத்து மேல! பூனை வந்து தள்ளிடக் கூடாதுன்னு ஆச்சி அதை வெயிட்டா வச்சிருந்தா. சித்தப்பா வலது கையால தொடையை அழுத்திப் புடிச்சுக்கிட்டு, ஒரு மாதிரி எக்கி எக்கி நடப்பார். வேகமாத்தான் நடப்பார், நாங்க சின்னப் பசங்க பின்னாடி ஓடணும்.

அப்போ எனக்கு அந்தக் காலிபர் ஒரு விளையாட்டுச் சாமான். அவ்வளவுதான். மேட்டருக்கு வருவோம்.

*

1957 அக்டோபர் 1. மேற்கு ஜெர்மனியில கெமி குரூனென்தால்னு ஒரு மருந்துக் கம்பெனி 'கான்டர்கான்'ங்கிற பேர்ல ஒரு தூக்க மாத்திரையை விற்பனைக்கு விட்டது. உள்ளே இருந்த மருந்து தாலிடோமைடு. ரொம்பப் பாதுகாப்பானதுன்னு விளம்பரம் பண்ணினாங்க. ஜெர்மனியில ஆரம்பத்துல டாக்டர் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம். பிரிட்டன்ல 1958ல 'டிஸ்டாவல்'ங்கிற பேர்ல வந்தது. கர்ப்பிணிகளுக்கு வர்ற மசக்கை வாந்திக்கும் இது கேக்குதுன்னு தெரிஞ்சதும், நெறைய பெண்கள் சாப்பிட்டாங்க.

கரு உருவாகி மூணாவது வாரத்துல இருந்து அஞ்சாவது வாரம் வரைக்கும்தான் ஆபத்தான நேரம். அந்தச் சில நாட்கள்ல ஒரே ஒரு மாத்திரை கூடப் போதும். கை, கால், காது, கண், உள்ளுறுப்புகள்னு எந்த நாள் சாப்பிட்டாங்களோ, அந்த நாள்ல உருவாகிட்டு இருக்கிற உறுப்பு பாதிக்கப்படும். தோள்ல இருந்து நேரா மூணு விரலோ நாலு விரலோ முளைச்ச மாதிரி குழந்தைகள் பிறந்தன. பல தாய்மார்களுக்கு அப்போ தாங்க கர்ப்பமா இருக்கோம்னே தெரியாது.

1961 நவம்பர்ல ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ் இந்த மருந்துதான் காரணமா இருக்கும்னு கம்பெனியை எச்சரிச்சார். மாசக் கடைசியில செய்தி பத்திரிகையில வந்த மறுநாளே கான்டர்கான் வாபஸ். ஆஸ்திரேலியாவுல வில்லியம் மெக்பிரைடும் தனியா இதே சந்தேகத்தை எழுப்பினார். அமெரிக்காவுல பிரான்சிஸ் கெல்சின்னு ஒரு பெண் அதிகாரி, குடுத்த ஆதாரம் பத்தாதுன்னு கடைசி வரைக்கும் அனுமதிக் கையெழுத்துப் போடல. (அவங்களைப் பத்தியே தனிப் பதிவு போடலாம்.)

உலகம் முழுக்க 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதா பொதுவாச் சொல்றாங்க. அதுல ஏராளமானவங்க பிறந்த கொஞ்ச நாள்லயே இறந்துட்டாங்க.

பிழைச்ச குழந்தைகளுக்கு என்ன செய்றதுங்கிற கேள்வி வந்துச்சு. நான் சொல்ல வந்த கதை இங்கதான் ஆரம்பிக்குது.

*

அரசாங்கங்களுக்குக் குற்ற உணர்ச்சி, பெத்தவங்களுக்கு அதை விட அதிகக் குற்ற உணர்ச்சி, பத்திரிகைகள்ல தினமும் படம். எல்லாரும் திரும்பிப் பார்த்தது இன்ஜினியர்களைத்தான். அறுபதுகள் இல்லையா, மனுஷன் விண்வெளிக்கே போயிட்டான். ஒரு கை செய்ய முடியாதா?

அப்போ இருந்த செயற்கைக் கை தொழில்நுட்பம் எல்லாம் பெரும்பாலும் போர்ல கை இழந்த சிப்பாய்களுக்காக வளர்ந்தது. சாதாரண ரகம், தோளை அசைச்சா கேபிள் இழுத்து கொக்கி திறக்கும். ஆனா தோள்லயே கை இல்லாத குழந்தைக்கு அந்த இழுவிசை கிடைக்காது. அதனால வெளியில இருந்து சக்தி குடுக்கணும். அந்தக் காலத்து பேட்டரியும் மோட்டாரும் குழந்தை சுமக்கிற சைஸ்ல இல்லை. ஜெர்மனியில ஹைடல்பர்க் நகரத்துல, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கொஞ்ச வருஷத்துலயே ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. கரியமில வாயு! சோடா மெஷின்ல இருக்கிற அதே வாயுதான். அழுத்தி ஒரு சின்ன சிலிண்டர்ல அடைச்சு உடம்புல கட்டிக்கணும். தோளையோ விரலையோ அசைச்சு ஒரு வால்வைத் திறந்தா, வாயு போய் பிஸ்டனைத் தள்ளும். முழங்கை மடங்கும், பிடி மூடும். வேலை முடிஞ்ச வாயு 'உஸ்ஸ்'னு வெளியே வந்துடும்.

ஹைடல்பர்க்ல எர்ன்ஸ்ட் மார்க்வார்ட்ங்கிற எலும்பு மருத்துவர் இதைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். பிரிட்டன்ல லண்டன் ரோஹாம்ப்டன் மருத்துவமனை, எடின்பரோவுல டேவிட் சிம்சன் குழு, கனடாவுல டொராண்டோவிலும் மான்ட்ரியாலிலும் மையங்கள்னு வேலை மும்முரமா நடந்துச்சு. மான்ட்ரியால்காரங்க, தசையில வர்ற மின் சமிக்ஞையால இயங்கற கையை சோவியத் யூனியன்ல இருந்து வாங்கிட்டு வந்தாங்க. பனிப்போர் உச்சத்துல இருந்த காலம் அது!

சின்ன வயசுலயே பழக்கினாதான் ஒட்டிக்கும்னு நெனச்சு, நடை பழகற பருவத்துலயே குழந்தைகளுக்கு மாட்டிவிட்டாங்க. மார்பைச் சுத்தி ஒரு கவசம், அதுல ரெண்டு கை, முதுகுலயோ இடுப்புலயோ சிலிண்டர். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துல இந்தக் கைகள்ல சிலதை இன்னைக்கும் வச்சிருக்காங்க. நான் படத்துலதான் பார்த்தேன். பொம்மைக்குத் தைச்ச சட்டை மாதிரி அவ்வளவு சின்னது. அந்த மார்க்கவசத்தோட அளவைப் பார்த்தாதான் அது எவ்வளவு சின்னப் புள்ளைன்னு உறைக்குது.

*

அப்புறம் என்ன ஆச்சு?

பெரும்பாலான குழந்தைகள் கழட்டிப் போட்டுட்டாங்க.

ஆஸ்பத்திரியில, ஸ்பெஷல் ஸ்கூல்ல, பெரியவங்க பார்க்கும்போது போட்டுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைக் கழட்டறது. பத்துப் பன்னெண்டு வயசுல 'எனக்கு வேண்டாம்'னு சொல்ற தைரியம் வந்ததும் நெறைய பேர் அடியோட விட்டுட்டாங்க. பெரியவங்களான பிறகு கொடுத்த பேட்டிகள்ல திரும்பத் திரும்ப வர்ற விஷயம் இதுதான்.

ஏன்னு பார்த்தா ஒவ்வொண்ணும் நியாயமான காரணம்.

முதல்ல கனம். அஞ்சு வயசுப் புள்ளை மேல மெட்டல், பிளாஸ்டிக், சிலிண்டர். கை கால் குறைவா இருக்கிற உடம்புக்கு வெப்பத்தை வெளியேத்த தோல் பரப்பும் குறைவு. அதுக்கு மேல கவசத்தையும் போட்டா வேர்த்துக் கொட்டும். கீழே விழுந்தா ஊனிக்க முடியாது. வாயு தீர்ந்துட்டா கை அப்படியே நிக்கும், சிலிண்டர் மாத்தணும். குழந்தை வளர வளர மறுபடி மறுபடி அளவெடுக்கணும்.

ரெண்டாவது, எனக்கு இதுதான் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தக் குழந்தைகளுக்குத் தோள்ல முளைச்சிருந்த குட்டி விரல்களுக்குத் தொடு உணர்ச்சி உண்டு. சூடு தெரியும், ஈரம் தெரியும், அம்மா கன்னம் தெரியும். செயற்கைக் கை அந்த விரல்களை உள்ளே போட்டு மூடிடுச்சு, இல்லைன்னா வால்வு தள்ற ஸ்விட்ச் வேலைக்கு வச்சிடுச்சு. உணர்ற கையை மறைச்சுட்டு உணராத கையைக் குடுத்தோம்!

மூணாவது, அவங்க ஏற்கெனவே வேற வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. கால் விரலால பென்சில் பிடிச்சாங்க, ஸ்பூன் பிடிச்சாங்க, பக்கம் புரட்டினாங்க. வாய், தாடை, தோள்னு உடம்புல எது இருக்கோ அதை வச்சு வேலையை முடிச்சாங்க. பிறந்ததுல இருந்து பழகின காலுக்கு முன்னாடி, 'உஸ்ஸ்'னு மெதுவா மூடற அந்தப் பிடியால போட்டி போட முடியல.

சிப்பாய்க்குக் கை இருந்தது, போச்சு, அது திரும்ப வேணும்னு ஏங்கறான். இந்தக் குழந்தைங்க எதையும் இழக்கவே இல்லை. அவங்களைப் பொறுத்தவரைக்கும் உடம்புன்னா அதுதான். கை இல்லையேன்னு தவிச்சது சுத்தி இருந்தவங்க. சுருக்கமா நம்ம பாஷையில சொன்னா, ரிக்வயர்மென்ட் குடுத்தவங்க ஒருத்தர், யூசர் இன்னொருத்தர்.

சிரிக்காதீங்க, நானும் இதே தப்பைச் செஞ்சிருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு குடோனுக்குச் சரக்கு வரவு பதியற ஆப் எழுதினோம். பதினாலு கட்டம் நிரப்பணும், அழகா கலர் கலரா ரிப்போர்ட் வரும். முதலாளி அசந்துட்டார். நாலு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, லோடு இறக்குற அண்ணன் காதுல பென்சில், இடுப்புல நோட்டு. சாயங்காலம் ஒரு பையன் உக்காந்து நோட்டைப் பார்த்து ஆப்ல ஏத்துறான். ரெண்டு கையிலயும் மூட்டை இருக்கிறவன் எப்படித் தம்பி போனைத் தட்டுவான்னு அந்த அண்ணன் கேட்டார். அவர்கிட்ட நாங்க முன்னாடி ஒரு வார்த்தை பேசவே இல்லை.

*

இன்ஜினியர்கள் எல்லாம் முட்டாள்கள்னு சொல்ல வரலை. அவங்கள்ல ரொம்ப ஆழமா யோசிச்சவங்க இருந்தாங்க. எடின்பரோ டேவிட் சிம்சனையே எடுத்துக்கோங்க. கண்ணை மூடிக்கிட்டு உங்க கையைத் தூக்குங்க. கை எங்க இருக்குன்னு பார்க்காமலே தெரியுது இல்லையா? மூட்டுகளும் தசைகளும் சொல்லிடுது. செயற்கைக் கையில அது கிடையாது, சதா பார்த்துக்கிட்டே இருக்கணும். அதனாலதான் குழந்தைகள் சீக்கிரம் களைச்சுப் போறாங்கன்னு சிம்சன் யோசிச்சார். அவர் குழு செஞ்ச கையில, தோள்பட்டை எலும்பு எவ்வளவு அசையுதோ அதுக்கு ஏத்த அளவு கை நகரும். தோளை மேலே தூக்கினா கை மேலே, முன்னே தள்ளினா கை முன்னே. தோள் எங்க இருக்குன்னு மூளைக்குத் தெரியும், அதனால கை எங்க இருக்குன்னும் தெரிஞ்சிடும். கண்ணு தெரியாதவருக்குக் கைத்தடி நுனியில தரை தெரியற மாதிரி. இந்தக் கொள்கை இன்னைக்கும் பாடப் புத்தகத்துல இருக்கு. அந்தக் கைதான் பரவலா நிலைக்கல.

சில கருவிகள் வேற இடத்துல போய் உயிர் பிடிச்சுது. டொராண்டோவுல கால் இல்லாத குழந்தைகளுக்காக, உடம்பைப் பக்கத்துக்குப் பக்கம் சாய்ச்சா தகடு சுழன்று முன்னேறற ஒரு நிற்கும் சட்டத்தை அறுபதுகள்ல மேம்படுத்தினாங்க. அந்த மாதிரிச் சட்டங்கள் பின்னாடி முதுகுத்தண்டுக் குறையோட பிறந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த குழந்தைகளுக்கு நின்னு விளையாடற வசதியைக் குடுத்துச்சு. 1971ல ஸ்வீடன்ல ரோல்ஃப் சோர்பிங்கிற டாக்டர், ஒரு முன்கை மட்டும் இல்லாத நாலு வயசுக்கும் குறைவான குழந்தைக்கு மின்சாரக் கை மாட்டினார். முழங்கை இருந்து ஒரு கை மட்டும் இல்லாத அந்த மாதிரிக் குழந்தைகள்கிட்ட அது ஓரளவு நல்லாவே எடுபட்டுச்சு.

இன்னொரு திசையில யோசிச்சவங்களும் உண்டு. உடம்பை மாத்தாம சுத்தி இருக்கிறதை மாத்துவோம்னு. பிரிட்டன்ல டெர்ரி வைல்ஸ்னு ஒரு பையன், 1962ல கை கால் ரெண்டும் இல்லாம பிறந்தவன். அவனைத் தத்தெடுத்த அப்பா லென் வைல்ஸ், மூட்டை தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி மாதிரி மேலேயும் கீழேயும் போற ஒரு வண்டியைத் தன் கையாலேயே செஞ்சு குடுத்தார். நின்னுக்கிட்டு இருக்கிறவங்க முகத்துக்கு நேரா முகம் பார்த்துப் பேசலாம். 1979ல பிபிசி அந்தக் கதையைப் படமா எடுத்தப்போ டெர்ரியே டெர்ரியா நடிச்சார். ஜெர்மனியில விபத்துல ரெண்டு கையும் இழந்த எபர்ஹார்ட் ஃபிரான்ஸ், காலாலேயே ஓட்டற மாதிரி கார் ஸ்டியரிங் ஒண்ணை வடிவமைச்சார். 1982ல ஹோண்டா கம்பெனி அந்த முறையில சிவிக் காரை ஜப்பான்ல விற்பனைக்குக் கொண்டு வந்துச்சு.

கவசத்தைக் கழட்டிப் போட்ட குழந்தைகள் வளர்ந்தாங்க. தாமஸ் குவாஸ்டாஃப் உலகப் புகழ்பெற்ற பாடகரானார். நிகரகுவாவுல பிறந்த டோனி மெலண்டஸ் காலால கிட்டார் வாசிக்கிறார், 1987ல லாஸ் ஏஞ்சலஸ்ல போப்பாண்டவர் முன்னாடி வாசிச்சார். மிச்ச ஆயிரக்கணக்கான பேர் நம்மளை மாதிரி வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, புள்ளை பெத்து, லோன் கட்டினவங்க.

இங்க நிறுத்திட்டு 'கால் இருக்கக் கை எதற்கு'ன்னு சுபம் போட்டுடலாம். ஆனா அதுவும் பொய். இப்போ அவங்க அறுபதைத் தாண்டிட்டாங்க. ஐம்பது வருஷம் தலைக்கு மேல காலைத் தூக்கி, பல்லால இழுத்து, கழுத்தை வளைச்சு வேலை செஞ்சதுல இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் சீக்கிரமே தேய்ஞ்சு போச்சு. அதைக் கணக்குல எடுத்துதான் ஜெர்மனியில 2013ல அவங்களோட அதிகபட்ச மாத உதவித்தொகையை 1,152 யூரோவுல இருந்து 6,912 யூரோவா உயர்த்தினாங்க. கம்பெனி மன்னிப்புக் கேட்டது 2012ல. ஆஸ்திரேலிய அரசு கேட்டது 2023 நவம்பர்ல. கை செஞ்சு குடுக்க ஓடினவங்க, மன்னிப்பு கேக்க அரை நூற்றாண்டு எடுத்துக்கிட்டாங்க.

*

இதே மாதிரி இன்னொரு கதை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது. அப்துல் கலாம் ஹைதராபாத்துல இருந்தப்போ, நிஜாம் மருத்துவ நிலையத்துல இருந்து ஒரு எலும்பு டாக்டர் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். அக்னி ஏவுகணைக்கான கார்பன் பொருளைக் கையில தூக்கிப் பார்த்தவர், இவ்வளவு லேசா இருக்கேன்னு கலாமைக் கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சார். அங்க மூணு கிலோவுக்கு மேல கனமான இரும்புக் காலிபரை இழுத்துக்கிட்டு நடக்கிற பிள்ளைகள். மூணு வாரத்துல சுமார் 300 கிராம்ல செஞ்சு குடுத்தோம்னு கலாமே பல கூட்டங்கள்ல சொல்லியிருக்கார்.

முன்னாடி நான் இதைக் கேட்டப்போ 'அடடா, ராக்கெட் டெக்னாலஜி!'ன்னு புல்லரிச்சதோட சரி. இப்போ படிக்கும்போது வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அந்தப் பிள்ளைங்களுக்குக் காலிபர் நிஜமாவே தேவை, போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. அவங்க பிரச்சனை கனம். அந்த டாக்டருக்கு அது தெரியும், ஏன்னா தினமும் அவங்க கூட இருக்கார். கலாம் ஒரு கருவியைக் கண்டுபிடிச்சுட்டு யாருக்குக் குடுக்கலாம்னு தேடல. வார்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துதான் செஞ்சார்.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

"சித்தப்பா, நீங்க ஏன் அந்தக் காலிபர் போடல?"

"எதுல, கோழிக்கூட்டு மேல கெடந்துச்சே, அதா?" சிரிச்சார். "அதப் போட்டா நிமுந்து நடக்கலாம்ல. பாக்கவுங்க எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. ஆனா பஸ்சு ஏற முடியாது, தரையில உக்கார முடியாது, வயக்காட்டுல எறங்குனா பூட்ஸ் புதைஞ்சிரும். மழைக்கு ஊறுனா தோலு நாறும். கொஞ்ச நாள்லயே சின்னதாப் போயிட்டு, வளந்துட்டம்லா. மாத்தணும்னா மறுபடி மதுரைக்குப் போணும். எங்கய்யாவுக்கு ஒரு நாள் கூலி போயிரும்."

"யாரும் கேக்கலியா, எப்படி இருக்குன்னு?"

"போட்டோ புடிச்சாங்க. மாலை போட்டாங்க. கேக்கலல."

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "லேசா ஒண்ணு இருந்திருந்தா போட்டுருப்பேன். இப்பம் முட்டு வலி உயிர் போகுது"ன்னார். போனை வச்ச பிறகு ரொம்ப நேரம் தூக்கம் வரல.

*

2007ல எலைன் பிடிஸ், டாம் சாவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், இருபத்தஞ்சு வருஷத்து ஆய்வுகளை எல்லாம் ஒண்ணாத் திரட்டிப் பார்த்தாங்க. குழந்தைகள்ல கேபிள் இழுக்கிற கையைக் கைவிட்டவங்க சராசரியா 45 சதவீதம். மின்சாரக் கையைக் கைவிட்டவங்க 35 சதவீதம். பெரியவங்கள்ல இது 26, 23. அவங்க வேலை பார்த்த டொராண்டோ மருத்துவமனை, அறுபதுகள்ல தாலிடோமைடு குழந்தைகளுக்குக் கருவி செஞ்ச அதே மையத்தோட வழி வந்ததுதான்.

அதுக்கப்புறம் திரீ-டி பிரிண்டர் வந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல விபத்துல விரல் இழந்த தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸும், அமெரிக்காவுல பொம்மலாட்டக் கை செஞ்ச ஐவன் ஓவனும் இணையத்துலயே சேர்ந்து வேலை பார்த்து, ஒரு அஞ்சு வயசுப் பையனுக்குக் கை செஞ்சாங்க. டிசைனை 2013ல யாரு வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு பொதுவுல விட்டாங்க. மணிக்கட்டை மடக்கினா கயிறு இழுத்து விரல் மூடும். விலை கொஞ்சம், கனம் கொஞ்சம், சின்னதாப் போச்சுன்னா மறுபடி அச்செடுத்துக்கலாம். சித்தப்பாவோட மதுரைப் பயணம் மிச்சம். உண்மையிலேயே பெரிய விஷயம்.

ஆனா பாப்பாவுக்கு மணிக்கட்டு கிடையாது. முழங்கையால இயங்கற டிசைனும் இருக்கு. அதை இறக்கி, அளவு கூடப் போட்டு வச்சுட்டேன். செகப்பு நீலத்துல ஸ்பைடர்மேன் கலர் வேற. அப்புறம்தான் அந்தக் குடோன் அண்ணன் ஞாபகம் வந்தார். பாப்பாகிட்ட இன்னும் ஒரு வார்த்தை கேக்கல.

வீடியோ கால் போட்டேன். இடது முழங்கை மடிப்புல பிஸ்கெட் பாக்கெட்டை இடுக்கிக்கிட்டு வலது கையால பிரிச்சுக்கிட்டு இருந்தா. நான் கேக்கறதுக்குள்ள பிரிச்சு முடிச்சாச்சு.

"பாப்பா, மாமா உனக்கு ஒரு கை செஞ்சு தரட்டா?"

"எதுக்கு?"

பதில் சொல்லத் தெரியல எனக்கு.

"சரி, உன்னால செய்ய முடியாதது எதாவது இருக்கா?"

ரொம்ப நேரம் யோசிச்சா. "சைக்கிள்"னா. "இந்தப் பக்கம் புடிக்க முடியல மாமா. வளைஞ்சு வளைஞ்சு போவுது. கை வேண்டாம், சைக்கிளை மட்டும் சரி பண்ணித் தா."

அவ்வளவுதான் ரிக்வயர்மென்ட் டாகுமென்ட்.

அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "எல்லாரும் பார்ப்பாங்கல்லால?"ன்னு மறுபடி கேட்டா. பார்க்கத்தான் செய்வாங்க, அந்தப் பயம் நியாயமானதுதான். அக்காவுக்குச் சொல்ல எங்கிட்ட நல்ல பதில் இல்லை. பாப்பா பெரியவளாகி, 'மாமா, எனக்குக் கை வேணும்'னு கேட்டா அன்னைக்கு நல்ல கையாத் தேடுவோம்னு மட்டும் சொன்னேன். இதுக்குன்னே படிச்ச நிபுணர் ஒருத்தர்கிட்டயும் அக்காவை அனுப்பியிருக்கேன். முதுகுத்தண்டு ஒரு பக்கமா வளையாம பார்த்துக்கணும், அதுக்கு என்ன பயிற்சின்னு அவங்கதான் சொல்லணும்.

சைக்கிள் ஹேண்டில்பார்ல மாட்டற மாதிரி ஒரு கிண்ணம், உள்ளே மெத்து மெத்துன்னு பஞ்சு. கையை வச்சா சாய்ச்சுத் திருப்பலாம், கீழே விழுந்தா சட்டுனு கை வெளியே வந்துடணும், அதான் முக்கியம். முதல் வெர்ஷன் ரெண்டாவது நாளே விரிசல் விட்டுடுச்சு. ரெண்டாவதுல கை வேர்த்து வழுக்குதாம். அதனால பக்கத்துல ஓட்டை போட்டு மூணாவது வெர்ஷன் இப்போ பிரிண்டர்ல ஓடிக்கிட்டு இருக்கு. இன்னும் ஏழு மணி நேரம் காமிக்குது. கலர் மட்டும் பாப்பா சாய்ஸ், மஞ்சள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். யாரும் இதைப் படிச்சுட்டு வீட்டுல இருக்கிற பிள்ளையோட காலிபரையோ கையையோ கழட்டிப் போட்டுடாதீங்க. போட்டுக்கிட்டு இருக்கிற பிள்ளைகிட்ட 'இது எப்படி இருக்கு?'ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, போதும். உங்க வீட்டுலயும் பரண்லயோ பஞ்சாரத்து மேலயோ இப்படி எதாவது கிடந்தா, அந்தக் கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.